எதிர்மின்வாயின் ஒற்றை அணு அடுக்கு: வெற்றிடக் குழாய்களின் ஆயுளை அறிவதில் மேற்பரப்புப் பகுப்பாய்வின் பங்கு

ஆய்வுச்சுருக்கம்

வானிலை ரேடார், செயற்கைக்கோள் அலைபரப்பி, துகள் முடுக்கி ஆகியவற்றில் உயர்திறன் நுண்ணலையைப் பெருக்க இன்றும் வெற்றிடக் குழாய்கள் பயன்படுகின்றன. இக்குழாய்களின் ஆயுளைப் பெரிதும் தீர்மானிப்பது எலக்ட்ரான்களை உமிழும் எதிர்மின்வாயாகும். அதன் உமிழ்திறன் மேற்பரப்பில் படிந்துள்ள ஏறத்தாழ ஓர் அணு தடிமனுள்ள பேரியம்–ஆக்சிஜன் அடுக்கைச் சார்ந்துள்ளது. அவ்வடுக்கை ஓஜே எலக்ட்ரான் நிறமாலையியல், எக்ஸ் கதிர் ஒளிஎலக்ட்ரான் நிறமாலையியல் முதலிய முறைகள் எவ்வாறு அளக்கின்றன, அவ்வளவீடுகள் எங்குப் பிழைபடக்கூடும், எதிர்மின்வாயின் சிதைவுக் காரணங்களைப் பிரித்தறிய அவை எவ்வாறு உதவுகின்றன என்பனவற்றை இக்கட்டுரை விளக்குகிறது. நெய்வேலியை உள்ளடக்கிய கடலூர் மாவட்டத்தின் புயல் எச்சரிக்கைத் தேவை இதற்குப் பின்புலமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: எதிர்மின்வாய், வெப்ப அயனி உமிழ்வு, வெளியேற்று ஆற்றல், பேரியம், ஓஜே எலக்ட்ரான், கிளைஸ்ட்ரான், நெய்வேலி.

முன்னுரை

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரி திறந்தவெளிச் சுரங்கங்களிலிருந்து எடுக்கப்படுகிறது. நிலக்கரிப் படுகையின் அடியிலுள்ள நிலத்தடி நீர் மேல்நோக்கி அழுத்துவதால், அந்நீரை இடைவிடாது இறைத்தால்தான் அகழ்வு நடைபெறும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மழைநீரும் இதனுடன் சேர்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று காலை, ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது கடலூர் மாவட்டம் பெரும் சேதத்திற்கு உள்ளானது. நெய்வேலி நகரியமும் தன் மரங்களுள் மிகப்பலவற்றை இழந்தது. இத்தகைய பகுதிக்குப் புயலின் பாதை முன்கூட்டியே தெரிவது உயிர்ப் பாதுகாப்போடும் மின்னுற்பத்தியோடும் நேரடித் தொடர்புடையது.

அப்புயலைக் கண்காணித்தவற்றுள் ஒன்று சென்னையிலுள்ள டாப்ளர் வானிலை ரேடார். 2002 முதல் இயங்கிவரும் அந்த ரேடாருக்கும் நெய்வேலிக்கும் இடையேயுள்ள நேர்தூரம் 200 கிலோமீட்டருக்கும் குறைவு. ஏறத்தாழ 10 செ.மீ. அலைநீளமுள்ள துடிப்புகளை அது அனுப்புகிறது. அத்துடிப்புகளுக்குரிய உயர்திறனை வழங்குவது கிளைஸ்ட்ரான் என்னும் வெற்றிடக் குழாய். குறைகடத்திகள் பெரும்பாலான மின்னணுக் கருவிகளிலிருந்து வெற்றிடக் குழாயை அகற்றிவிட்ட பின்னரும், உயர் அதிர்வெண்ணும் உயர் திறனும் ஒருங்கே தேவைப்படும் இடங்களில் அது நிலைத்திருப்பதற்கு இது ஒரு சான்று.

ஒரு குழாய் செயலிழக்கும்போது கண்ணாடியோ பீங்கானோ உலோக உறையோ மாறுவதில்லை. எதிர்மின்வாயை வெட்டி முழுமையாக வேதிப் பகுப்பாய்வு செய்தாலும், நல்ல நிலையிலுள்ள எதிர்மின்வாய்க்கும் செயலிழந்ததற்கும் இடையே வேறுபாடு தெரியாமற்போகலாம். ஏனெனில் வேறுபாடு பருமப் பகுதியில் இல்லாமல் மேற்பரப்பில் மட்டும் அமைந்திருக்கக்கூடும். மேற்பரப்புப் பகுப்பாய்வு இன்றியமையாததாவது இவ்விடத்தில்தான்.

வெப்ப அயனி உமிழ்வும் வெளியேற்று ஆற்றலும்

உலோகத்தினுள் உள்ள எலக்ட்ரான் வெளியேறுவதற்குக் கடக்க வேண்டிய ஆற்றல் தடையே வெளியேற்று ஆற்றல் எனப்படுகிறது. உலோகத்தைச் சூடாக்கும்போது ஒரு சிறு பகுதி எலக்ட்ரான்கள் அத்தடையைக் கடக்கின்றன. இந்நிகழ்வை ஆராய்ந்த ஓவன் ரிச்சர்ட்சனுக்கு 1928ஆம் ஆண்டிற்கான இயற்பியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. ரிச்சர்ட்சன்–டஷ்மன் சமன்பாட்டின்படி உமிழ்வு மின்னோட்ட அடர்த்தி, வெப்பநிலையின் இருமடிக்கும் ஓர் அடுக்குக்குறிச் சார்புக்கும் நேர்விகிதத்தில் உள்ளது. வெளியேற்று ஆற்றலை வெப்ப ஆற்றலால் வகுத்துப் பெறும் எண்ணின் எதிர்க்குறி மதிப்பு அச்சார்பின் அடுக்காக அமைகிறது. ஆகவே வெளியேற்று ஆற்றலில் ஏற்படும் சிறு மாற்றமும் உமிழ்வில் பெருமாற்றத்தை விளைவிக்கும்.

ஓர் எளிய கணக்கீடு இதனைத் தெளிவாக்கும். தூய டங்ஸ்டனின் வெளியேற்று ஆற்றல் ஏறத்தாழ 4.5 எலக்ட்ரான் வோல்ட். அதனை 1300 கெல்வினுக்குச் சூடாக்கினால் பயன்படத்தக்க உமிழ்வு எதுவும் கிட்டாது. அதே வெப்பநிலையில் வெளியேற்று ஆற்றல் 2.0 எலக்ட்ரான் வோல்ட்டாகக் குறைந்தால், சமன்பாட்டின் கோட்பாட்டு மாறிலியைக் கொண்டு கணக்கிடும்போது உமிழ்வு ஏறத்தாழ 500 கோடி மடங்கு உயர்ந்து, ஒரு சதுர செ.மீ.க்கு 3.5 ஆம்பியர் என்னும் அளவை எட்டுகிறது. மேலும் 0.2 எலக்ட்ரான் வோல்ட் குறைந்தால் உமிழ்வு மீண்டும் 6 மடங்காகிறது. நடைமுறை எதிர்மின்வாய்களில் இம்மாறிலி கோட்பாட்டு மதிப்பினும் குறைவாகவே காணப்படும் எனினும், ஒப்பீட்டின் போக்கு மாறுவதில்லை.

மருத்துவமனையின் எக்ஸ் கதிர்க் குழாயில் இன்றும் டங்ஸ்டன் இழையே எதிர்மின்வாயாக உள்ளது. அதனை 2000 கெல்வினுக்கு மேல் சூடாக்க நேர்வதால் டங்ஸ்டன் ஆவியாகி இழை மெலிகிறது. ரேடார், செயற்கைக்கோள் ஆகியவற்றின் குழாய்களுக்கு இம்முறை பொருந்தாது. 15 ஆண்டுகள் இயங்க வேண்டிய செயற்கைக்கோள் குழாயின் எதிர்மின்வாய் 1,31,400 மணிநேரம் இடைவிடாது எலக்ட்ரான்களை வழங்கியாக வேண்டும். பழுது நீக்கும் வாய்ப்பும் இல்லை. எனவே குறைந்த வெளியேற்று ஆற்றலுடைய மேற்பரப்பை உருவாக்கி, அதனைக் குறைந்த வெப்பநிலையில் இயக்குவதே வழியாயிற்று.

டிஸ்பென்சர் வகை எதிர்மின்வாயின் இயக்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்தர் வேனல்ட் கண்டறிந்த ஆக்சைடு எதிர்மின்வாய், நிக்கலின் மீது பேரியம், ஸ்ட்ரான்சியம் ஆகியவற்றின் ஆக்சைடுகளைப் பூசி உருவாக்கப்படுவது. அதன் வெளியேற்று ஆற்றல் ஏறத்தாழ 1.5 எலக்ட்ரான் வோல்ட். எனினும் தொடர்ச்சியான உயர் மின்னோட்டத்தை அப்பூச்சு தாங்குவதில்லை. இக்குறையை நீக்க 1950களில் உருவானதே டிஸ்பென்சர் வகை எதிர்மின்வாய். இது பேரியத்தைத் தன்னுள் சேமித்து வைத்து, இயங்கும் காலம் முழுவதும் சிறிது சிறிதாக மேற்பரப்பிற்கு வழங்குகிறது.

டங்ஸ்டன் தூளை அழுத்திச் சூடாக்கி, பருமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நுண்துளைகளாக அமையுமாறு ஒரு வில்லை உருவாக்கப்படுகிறது. அத்துளைகளில் பேரியம் ஆக்சைடு, கால்சியம் ஆக்சைடு, அலுமினா ஆகியவற்றின் கலவை உருகிய நிலையில் நிரப்பப்படுகிறது. 5:3:2, 4:1:1 ஆகிய மோல் விகிதங்கள் வழக்கிலுள்ளவை. ஏறத்தாழ 1000 பாகை செல்சியசில் இக்கலவை டங்ஸ்டனுடன் வினைபுரிந்து பேரியத்தை விடுவிக்கிறது. அது துளைகளின் வழியே மேலேறி, ஆக்சிஜனுடன் சேர்ந்து டங்ஸ்டன் மேற்பரப்பில் பரவுகிறது. ஆக்சிஜன் உலோகத்தை ஒட்டியும் பேரியம் அதன்மேலும் அமைவதால் வெளிநோக்கி நேர்மின் முனை கொண்ட மின் இருமுனை அடுக்கு உருவாகிறது. எலக்ட்ரான் கடக்க வேண்டிய தடையை இவ்வடுக்கே தாழ்த்துகிறது. ஆக்சிஜன், பேரியத்தை மேற்பரப்பில் வலுவாகப் பிணைத்து, அது ஆவியாகும் வீதத்தையும் குறைக்கிறது.

இவ்வடுக்கு நிலையானதன்று. பேரியம் ஒருபுறம் ஆவியாகிக்கொண்டும் மறுபுறம் துளைகளிலிருந்து நிரம்பிக்கொண்டும் இருக்கிறது. இவ்விரு வீதங்களின் சமநிலையே எதிர்மின்வாயின் நலம். வில்லையின் மேல் அரை மைக்ரோமீட்டர் அளவில் ஆஸ்மியம், ருத்தேனியம், இரிடியம் போன்ற உலோகங்களைப் பூசினால் வெளியேற்று ஆற்றல் ஏறத்தாழ 0.2 எலக்ட்ரான் வோல்ட் மேலும் குறைவதை 1960களில் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். ‘எம் வகை’ எனப்படும் இவ்வமைப்பு, அதே மின்னோட்டத்தைக் குறைந்த வெப்பநிலையில் தருவதால் பேரியத்தின் இழப்பும் குறைகிறது.

புறச் சோதனையின் எல்லை

குழாயைத் திறக்காமலேயே எதிர்மின்வாயின் நிலையை மதிப்பிட ஒரு வழி உண்டு. சூடேற்றியின் வெப்பநிலையைப் படிப்படியாக மாற்றி மின்னோட்டத்தை அளந்து வரையப்படும் மிராம் வளைவு அது. உயர் வெப்பநிலையில் எதிர்மின்வாய் தேவைக்கு மேல் எலக்ட்ரான்களை உமிழ்கிறது. அவற்றின் மின்னூட்டத் திரளே மேலும் எலக்ட்ரான்கள் செல்வதைத் தடுப்பதால் மின்னோட்டம் ஒரே அளவில் நிற்கிறது. வெப்பநிலை ஒரு குறிப்பிட்ட எல்லைக்குக் கீழ் இறங்கியதும் மின்னோட்டம் சரியத் தொடங்குகிறது. வளைவின் அம்முழங்கால் போன்ற திருப்பம், எதிர்மின்வாய் முதுமையடைய முதுமையடைய உயர் வெப்பநிலையை நோக்கி நகர்கிறது.

இதிலிருந்து ஒரு முக்கியமான உண்மை பெறப்படுகிறது. குழாய் சமதளப் பகுதியில் இயங்கும் வரை, எதிர்மின்வாயின் உமிழ்திறன் பாதியாகக் குறைந்தாலும் மின்னோட்டமானி அதனைக் காட்டாது. திருப்பம் இயக்க வெப்பநிலையை அடைந்த பின்னரே வீழ்ச்சி வெளிப்படும். பல மாதங்களாக நிகழ்ந்த சிதைவு சில நாள்களில் வெளிப்படுவதுபோல் தோன்றுவதற்கு இதுவே காரணம். மிராம் வளைவு இவ்வீழ்ச்சியை முன்னரே உணர்த்தும். ஆனால் அது எதனால் ஏற்பட்டது என்பதை உணர்த்தாது. வெவ்வேறு காரணங்களும் ஒரே திசையில் திருப்பத்தை நகர்த்துவதால், காரணத்தை அறிய மேற்பரப்பையே ஆராய வேண்டியுள்ளது.

மேற்பரப்பைக் காணும் முறைகள்

மேற்பரப்புப் பகுப்பாய்வு முறைகளின் அடிப்படை எளியது. திண்மத்தினுள் சில பத்து முதல் ஈராயிரம் எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றலுடைய எலக்ட்ரான், ஆற்றலை இழக்காமல் ஏறத்தாழ 0.5 முதல் 3 நானோமீட்டர் தூரமே செல்ல இயலும். ஆகவே மாதிரியிலிருந்து தன் சிறப்பு ஆற்றலுடன் வெளிவரும் எலக்ட்ரான், மேலேயுள்ள சில அணு அடுக்குகளிலிருந்தே வந்ததாக இருத்தல் வேண்டும்.

ஓஜே எலக்ட்ரான் நிறமாலையியலில், சில ஆயிரம் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய எலக்ட்ரான் கற்றை மாதிரியின் மீது செலுத்தப்படுகிறது. அணுவின் உட்கூட்டில் உண்டாகும் வெற்றிடத்தை மேற்கூட்டு எலக்ட்ரான் நிரப்பும்போது விடுபடும் ஆற்றலைப் பெற்று மற்றோர் எலக்ட்ரான் வெளியேறுகிறது. அதன் ஆற்றல் தனிமத்திற்குரிய அடையாளமாகும். பேரியம் 584, ஆக்சிஜன் 503, கார்பன் 272, கந்தகம் 152 எலக்ட்ரான் வோல்ட் அருகில் முகடுகளைத் தருகின்றன. கற்றையை நுண்ணிய புள்ளியாகக் குவிக்க இயல்வதால், துளையின் விளிம்பிலும் டங்ஸ்டன் மணியின் நடுவிலும் பேரியம் எவ்வாறு பரவியுள்ளது என்பதைப் படமாகவும் பெறலாம்.

எக்ஸ் கதிர் ஒளிஎலக்ட்ரான் நிறமாலையியல், தனிமத்தோடு அதன் வேதிநிலையையும் காட்டுகிறது. டங்ஸ்டன் உலோகத்தின் ஓர் உட்கூட்டு முகடு ஏறத்தாழ 31 எலக்ட்ரான் வோல்ட் பிணைப்பாற்றலில் அமைய, அதன் மூவாக்சைடில் அம்முகடு 4 எலக்ட்ரான் வோல்ட்டிற்கு மேல் இடம்பெயர்கிறது. ஆகவே மேற்பரப்பு உலோகமாக உள்ளதா, ஆக்சிஜனேற்றம் அடைந்துள்ளதா என்பதை ஐயமின்றிக் கூறலாம். புறஊதா ஒளிஎலக்ட்ரான் நிறமாலையியல் வெளியேற்று ஆற்றலையே நேரடியாக அளக்கப் பயன்படுகிறது. இரண்டாம்நிலை அயனி நிறை நிறமாலையியல், மிகச் சிறு அளவிலுள்ள மாசுகளையும் ஆழத்திற்கேற்ப அவை மாறும் விதத்தையும் காட்டுகிறது. தாழ் ஆற்றல் அயனிச் சிதறல் முறையோ ஏறத்தாழ முதல் அணு அடுக்கை மட்டுமே காண்கிறது. பேரியம் மேலே உள்ளதா, ஆக்சிஜன் மேலே உள்ளதா என்னும் வினாவிற்கு விடையளிக்க அது ஏற்றது.

அளவீட்டில் நேரும் பிழைகள்

ஆராயும் செயலே மேற்பரப்பை மாற்றிவிடக்கூடும் என்பது இத்துறையின் தலையாய இடர்ப்பாடு. எதிர்மின்வாயைக் குழாயிலிருந்து எடுத்துக் காற்றில் வைத்தால், பேரியம் ஆக்சைடு ஈரத்தோடும் கார்பன் டை ஆக்சைடோடும் வினைபுரிந்து ஹைட்ராக்சைடாகவும் கார்பனேட்டாகவும் மாறுகிறது. அந்நிலையில் பெறப்படும் கார்பன் முகட்டைக் குழாயினுள் இருந்த மாசு எனக் கொள்வது தவறான முடிவாகும். காற்றுப் படாமல் மாற்றுதல், அல்லது பகுப்பாய்வுக் கலத்திலேயே மீளச் சூடாக்கி இயக்க நிலைக்குக் கொணர்தல் இதற்குத் தீர்வு. ஆனால் மீளச் சூடாக்கும்போது சிதைவின் தடயமே அழிந்துவிடவும் கூடும். ஆதலால் சூடாக்குவதற்கு முன்னும் பின்னும் அளந்து ஒப்பிடுதல் வேண்டும்.

வெற்றிடத்தின் தரமும் முதன்மையானது. 10⁻⁶ டார் அழுத்தத்தில், படும் மூலக்கூறுகள் யாவும் ஒட்டிக்கொண்டால், ஏறத்தாழ ஒரு நொடியில் ஓர் அணு அடுக்கு வாயு படிந்துவிடும். 10⁻¹⁰ டாரில் இதற்கு மூன்று மணிநேரத்திற்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகும். சூடான எதிர்மின்வாயைக் குளிரவிட்டு அளக்கும்போது இடைப்பட்ட நேரத்தில் படியும் வாயுவும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும். மேலும், 1000 பாகையில் பேரியத்தின் ஆவியாதலும் நிரம்புதலும் காத்த சமநிலை அறை வெப்பநிலையில் இல்லை. குளிர்ந்த மேற்பரப்பின் நிறமாலை, இயங்கும் மேற்பரப்பின் நிறமாலை ஆகாது.

முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுதல் மற்றோர் இடர். குளோரினின் ஓஜே முகடு 181 எலக்ட்ரான் வோல்ட் அருகிலும், டங்ஸ்டனின் முகடுகளுள் ஒன்று 179 எலக்ட்ரான் வோல்ட் அருகிலும் அமைகின்றன. டங்ஸ்டன் வில்லையில் குளோரின் மாசு உள்ளதெனக் கூறுமுன், 1736 எலக்ட்ரான் வோல்ட் அருகிலுள்ள டங்ஸ்டனின் மற்றொரு முகட்டோடு செறிவு விகிதத்தை ஒப்பிட வேண்டும். ஓஜே முறையின் எலக்ட்ரான் கற்றை மேற்பரப்பு ஆக்சிஜனை வெளியேற்றவும், ஆழத்தை அறியச் செலுத்தும் ஆர்கான் அயனிகள் ஒரு தனிமத்தை மற்றதைவிட விரைவாக அரிக்கவும் கூடும் என்பனவும் நினைவில் கொள்ளத்தக்கவை.

சிதைவுக் காரணங்களைப் பிரித்தறிதல்

மேற்கூறிய எச்சரிக்கைகளுடன் பெறப்படும் தரவுகள், எதிர்மின்வாயின் சிதைவை மூன்று முதன்மை வகைகளாகப் பிரித்தறிய உதவுகின்றன.

முதலாவது, நச்சேற்றம். ஆக்சிஜன், நீராவி, கந்தகம், குளோரின் போன்றவை மேற்பரப்பில் சேர்ந்து இருமுனை அடுக்கைக் கெடுக்கின்றன. நிறமாலையில் அயல் தனிம முகடுகளோ மிகையான ஆக்சிஜனோ தோன்றும். சூடாக்கினால் அவை குறைந்து உமிழ்வு மீள்வதும் உண்டு. இதன் மூலகாரணத்தைக் குழாயின் கசிவிலோ உறுப்புகளைத் தூய்மை செய்த முறையிலோ தேட வேண்டும்.

இரண்டாவது, பேரியம் தீர்தல். துளைகளின் மேற்பகுதியில் கலவை வினைபுரிந்து முடிந்து, பேரியம் நெடுந்தொலைவு கடந்து வர வேண்டிய நிலை ஏற்படுகிறது. இந்நிலையில் பேரிய முகடு தாழ்ந்தும் டங்ஸ்டன் முகடு ஓங்கியும் காணப்படும். சூடாக்கிய பின்னும் பேரியம் பழைய அளவிற்கு உயராது. இது நோயன்று, முதுமை.

மூன்றாவது, பூச்சு கலத்தல். எம் வகையில், அடியிலுள்ள டங்ஸ்டன் நாளடைவில் ஆஸ்மியம் பூச்சினுள் ஊடுருவுகிறது. பேரியம் போதுமான அளவில் இருந்தும் உமிழ்வு குறைந்திருந்தால், ஆழத்திற்கேற்ற ஓஜே அளவீட்டில் டங்ஸ்டன் பூச்சின் மேற்பகுதி வரை வந்துள்ளதா எனப் பார்க்க வேண்டும். இதற்குத் தீர்வு பூச்சின் வடிவமைப்பை மாற்றுவதே.

இப்பிரிப்பு வெறும் கோட்பாட்டு ஆர்வத்திற்கு உரியதன்று. உமிழ்வு குறைந்த குழாயைக் கையாள்பவர் இயல்பாக மேற்கொள்ளும் முதற்செயல் சூடேற்றியின் மின்னழுத்தத்தைக் கூட்டுவது. நச்சேற்றம் காரணமாயின் அது பயன் தரலாம். பேரியம் தீர்ந்துவருவது காரணமாயின், எஞ்சிய பேரியம் விரைந்து ஆவியாகி ஆயுள் மேலும் சுருங்கும். ஆவியான பேரியம் காப்புப் பீங்கான்களில் படிந்து மின்கசிவையும் உண்டாக்கும். பூச்சு கலத்தல் காரணமாயின் ஊடுருவல் விரைவுபடும். ஒரே அறிகுறிக்கு ஒரே செயல், ஓரிடத்தில் மருந்தாகவும் ஈரிடங்களில் கேடாகவும் முடிகிறது. பருமழைக் காலத்தின் நடுவே இயங்கும் ரேடாருக்கு இவ்வேறுபாடு எத்தகையது என்பதைக் கூற வேண்டியதில்லை.

இந்தியச் சூழல்

இராஜஸ்தான் மாநிலம் பிலானியிலுள்ள மத்திய மின்னணுப் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்திற்கு 1953 செப்டம்பர் 21 அன்று ஜவஹர்லால் நேரு அடிக்கல் நாட்டினார். நுண்ணலைக் குழாய்களும் அவற்றுக்கான டிஸ்பென்சர் வகை எதிர்மின்வாய்களும் அங்கு ஆராயப்படுகின்றன. பெங்களூரில் பாதுகாப்பு ஆராய்ச்சி மேம்பாட்டு அமைப்பின் நுண்ணலைக் குழாய் ஆராய்ச்சி மேம்பாட்டு மையமும், 1954இல் நிறுவப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் இத்துறையில் இயங்குகின்றன. தமிழ்நாட்டில், கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் போன்றவற்றில் ஒளிஎலக்ட்ரான், இரண்டாம்நிலை அயனி முறைகளுக்கான கருவிகள் உள்ளன. அணு உலைப் பொருள்களின் மேற்பரப்பை அறிய வளர்ந்த அதே திறன், எதிர்மின்வாயின் மேற்பரப்பிற்கும் பொருந்தக்கூடியது.

ஆயுள் முடிந்த ஒவ்வொரு குழாயும் ஓர் ஆய்வுப் பொருள். இயங்கிய மணிநேரம், சூடேற்றியின் வரலாறு, அவ்வப்போது வரைந்த மிராம் வளைவுகள் ஆகியவற்றோடு அது ஆய்வகத்தை அடையுமானால், மேற்பரப்பு நிறமாலைக்கு முழுப் பொருள் கிட்டும். அவ்வரலாறு இல்லாத நிறமாலை, நோயாளியைக் காணாமல் படிக்கப்படும் எக்ஸ் கதிர்ப் படத்தைப் போன்றது.

முடிவுரை

எதிர்மின்வாயின் உமிழ்திறன் ஏறத்தாழ ஓர் அணு தடிமனுள்ள அடுக்கைச் சார்ந்திருப்பதால், பருமப் பகுப்பாய்வு அதன் சிதைவை விளக்கப் போதுமானதன்று. புற மின்னோட்ட அளவீடு சிதைவை நெடுநாள் மறைக்கிறது; மிராம் வளைவு சிதைவை உணர்த்துகிறது; மேற்பரப்புப் பகுப்பாய்வே அதன் காரணத்தைப் பிரித்துக் காட்டுகிறது. அப்பகுப்பாய்வும், காற்றுப் படிவு, எஞ்சிய வாயு, முகடுகளின் மேற்பொருத்தம், கற்றையின் தாக்கம் ஆகியவற்றைக் கருத்தில் கொண்டு, உமிழ்வு அளவீட்டோடு இணைத்து மேற்கொள்ளப்பட்டால் மட்டுமே நம்பகமான முடிவைத் தரும். சூடேற்றியை உயர்த்துவதா, குழாயை மாற்றுவதா, பூச்சைத் திருத்துவதா என்னும் முடிவு அக்காரணத்தை அறிந்த பின்னரே எடுக்கத்தக்கது. கடலூர்க் கரையை நோக்கி அடுத்த புயல் நகரும் நாளில் ரேடார் தடையின்றிச் சுழல்வதற்கு, கண்ணுக்குப் புலப்படாத அவ்வடுக்கைப் பற்றிய அறிவும் ஒரு காரணமாக அமையும்.